எட்டெழுத்து

புந்தா அரேனாஸில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அதைப் பிடித்தபடிதான் அன்று மருத்துவமனைக்கு வந்தேன்,
கக்கத்தில் படப்பலகை.

மூன்றாம் கட்டிலில் பெனிசியோ. ஏழு வயது.
மூக்கையும் வாயையும் கவ்விய முகமூடி,
கன்னத்தில் வார் பதிந்த சிவப்பு.
இந்த ஊரில் அளவாக வரும் காற்று
அந்தக் குழாயில் மட்டும்தான்.

நான்கு நாளாக அவன் சொன்னது
யாருக்கும் எட்டவில்லை.
முகமூடியைப் பிடுங்கப் போனான்.
கையைக் கட்டலாமா என்று பேச்சு வந்தது.
அதன் பிறகே என்னைக் கூப்பிட்டார்கள்.

"மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. சரியா?"
மேலே.
தண்ணீரா? கீழே.
வலியா? கீழே.
குளிரா, சிறுநீரா, அம்மாவா, விளக்கை அணைக்கவா?
கீழே கீழே கீழே கீழே.
பன்னிரண்டு கட்டமும் தீர்ந்தன.
எல்லாம் நானே வரைந்தவை:
ஒரு நல்ல பிள்ளை என்னவெல்லாம் கேட்குமோ
அவை மட்டும்.

இதற்குள் அம்மா ஒரு பக்கம்,
"பசிக்குதா கண்ணு? பயமா இருக்கா?"
செவிலியர் மறுபக்கம்,
கால்மாட்டில் மருத்துவர்,
மலையுச்சியில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல் உரக்க.
முகமூடி வாயில்தானே, காதிலா?

பலகையைத் திருப்பினேன். பின்புறம் எழுத்துகள்.
வரிசை வரிசையாக விரல் வைத்தேன்.
முதல் வரிசையிலேயே கண் மேலே போனது.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதற்கு மூச்சிரைத்தது, காத்திருந்தோம்.
நான்காவதும் அதே எழுத்து;
பிழையென்று மறுபடி கேட்டேன்.
முறைத்தான்.
பதினோரு நிமிடம், எட்டெழுத்து.
அம்மா இவானியாதான் கூட்டிப் படித்தாள்:
வாயை மூடுங்கள்.

மூடினோம்.

இயந்திரம் இழுத்தது, விட்டது.
சன்னல் சட்டம் கடகடத்தது.
அவன் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.
மருத்துவர் பூனைபோல் அடியெடுத்து வெளியே போனார்.

மாலையே பதின்மூன்றாம் கட்டம் வரைந்தேன்:
உதட்டின்மேல் ஒரு விரல்.
இரண்டு நாள் அதற்கு ஓய்வில்லை.
ரத்தம் எடுக்க வந்தவர், ஜெபிக்க வந்த பாதிரியார்,
நான்.
ஒருவரையும் விடவில்லை.

காற்று தணிந்து ஜலசந்தியில் படகு ஓடியதும்
போர்வெனீரிலிருந்து அப்பா வந்தார்.
நண்டுக்கூண்டு இழுத்து வெடித்த கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்தார்.
விரல் படத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும்,
இருமலைக்கூட விழுங்கிக்கொண்டார்.
அரை மணி நேரம் போயிற்று.

பெனிசியோ பலகையில் எதையோ தேடினான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
அந்த விரலுக்கு எதிர்ப்பதம் வரைய
மறந்துபோயிருந்தேன்.

திருப்பினேன்.
இந்த முறை ஐந்தெழுத்து.
பேசு.

டலிபோர் தொண்டையைச் செருமினார்.
"நம்ம நாய் இருக்கில்ல," என்றார்,
"உன் இடது பூட்ஸைத் தின்னுடுச்சு."

பெனிசியோவின் கண் சட்டென்று பலகைக்கு வந்தது.
எழுத்துப் பக்கத்தை
உயர்த்திப் பிடித்தேன்.