உயிர்வாழ் சான்று

ஏப்ரல் முதல் வாரம்
ரிப்பன் கட்டடத்து ஓய்வூதியப் பிரிவுக்கு
தான் சாகவில்லை என்று சொல்ல வருவாள்
தைரியநாயகி.
மிருகக்காட்சிசாலை, துப்புரவு, நிரந்தரம்.

பதிவேட்டில் பிறந்த தேதி ஒன்று ஏழு பதினான்கு.
யாரோ ஒரு குமாஸ்தா அவசரத்தில் எழுதியது.
அவளைக் கேட்டால்,
"ஹார்பர்ல எண்ணெ டாங்கி எரிஞ்ச ராத்திரிப்பா.
எம்டன் குண்டு போட்டான்,
எங்கம்மா என்னைப் போட்டா."
அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

மின்விசிறிக்கு நேரே உட்காரவைத்தால்
மீதியும் வரும், வரிசை இல்லாமல்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று
பட்டணமே பூட்டு வாங்கியது.
வக்கீல் வீட்டுப் பெட்டிகளைச் சென்ட்ரலுக்கு இழுத்து
அந்த ஒரு வாரம்தான்
புருஷனின் கைரிக்‌ஷா நன்றாகச் சம்பாதித்தது.
அவள் போகவில்லை.
"மானுக்கு யாரு புல்லு போடறது?"

குண்டு விழுந்து கூண்டு உடைந்தால்?
சிங்கம், புலி, சிறுத்தை, கரடி,
சுடச்சொல்லி உத்தரவு.
சுட்டவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.
கழுவ இவள்.

உத்தரவு போட்டவர்கள் ஒன்றை மறந்தார்கள்.
இறைச்சிக் காண்ட்ராக்டருக்கு யாரும் எழுதவில்லை.
விடியற்காலை ஆறு மணிக்கு
காலிக் கூண்டுகளின் பேருக்கு
மூன்று நாள் வந்துகொண்டே இருந்தது மாட்டுக்கறி.
"சிங்கத்தோட பங்கைத் தின்னவ நான்.
அதான் இன்னும் நிக்கிறேன்."

சுதந்திரம் வந்தது வெள்ளிக்கிழமை.
பார்க்கில் கூட்டம் தாங்கவில்லை.
சிங்கம் எங்கே என்று ஒரு பையன்
கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதானாம்.

அறுபத்தைந்தில் கண்ணீர்ப்புகை.
ஓடிவந்த மாணவர்களை
யானைத் தொட்டியில் முகம் கழுவவிட்டாள்.
"யானைதான் கோவிச்சுக்கிச்சு."

எழுபத்து மூன்றில் கைரிக்‌ஷாவை ஒழித்து
புருஷனுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள்.
அவனுக்கு இழுக்கத் தெரியும், மிதிக்கத் தெரியாது.
இரண்டு வருஷம் அதைத் தள்ளிக்கொண்டே திரிந்து
ஒரு மழைநாளில் செத்துப்போனான்.

மிருகங்கள் லாரி ஏறி வண்டலூர் போனதையும்
மூர் மார்க்கெட் எரிந்ததையும்
ஒரே மூச்சில் சொல்வாள்,
இரண்டுக்கும் நடுவே வெற்றிலை போட்டபடி.

மெட்ராஸ் சென்னையான பிறகு
அச்சடித்த பழைய படிவத்தில்
ஊர்ப்பேரை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.
"ஊருக்கே பேரு மாத்தறீங்க,
என் தேதியை மாத்த மாட்டேன்றீங்க."
சிரித்தேன்.
மாற்றவில்லை.

தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் அவள் வரவில்லை.
மே மாதமும்.
சான்று வராவிட்டால் நிறுத்தச்சொல்லி
நான்தான் எழுதவேண்டும்.
தாளை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன்.
டீ வந்தது.

புளியந்தோப்பு விலாசத்துக்கு
மூன்று மாதம் போய்க்கொண்டே இருந்தது மணியார்டர்.
ஒன்றுகூடத் திரும்பவில்லை.
பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக
மாதம் ஒரு கைநாட்டு.
மூன்றும் வேறு வேறு கட்டைவிரல்.