சேட்டு மல்லாந்து தூங்குகிறான்

பரேலிலிருந்து கூட்டி வந்து ஒன்பது நாள்.
கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலை
மூன்றாம் நாளே பிய்த்துப் போட்டான்.
அதெல்லாம் டாக்டர் சொன்னதுதான்.
சொல்லாதது
இந்தத் தூக்கம்.

முன்பு அவன் தூங்கியதைத்
தூக்கமென்றே சொல்லக் கூடாது.
இரண்டாம் மாடி வராந்தாவில்
சிலிண்டருக்கும் செருப்புகளுக்கும் நடுவே
நாலு காலையும் வயிற்றுக்கடியில் மடக்கிப்
பாவ் ரொட்டி போல உட்கார்ந்திருப்பான்.
கண் மூடியிருக்கும்.
கிழிந்த காது மட்டும்
லேபர் கேம்ப் முழுக்கச் சுற்றிவரும்.
பிளாஸ்டிக் குடோன் கூரையில்
ஒரு தகரம் நெளிந்தால் போதும்
இங்கே ரொட்டி இருக்காது.
விடிய வருவான், மூக்கில் புதுக் கீறலோடு.

அறுத்த அன்று இரவு
கண்ணைத் திறந்தபடியே தூங்கினான்.
ஷெர்லின் பயந்துபோய்
மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்த்தாள்.
இரண்டாம் நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால்.
நாலாம் நாள் அவளுடைய ஸ்கூல் பையின் மேல்.
இப்போது
கட்டிலே இல்லாத வீட்டில்
என் தலையணைதான் அவனுக்குக் கட்டில்.
மல்லாந்து,
வெள்ளை வயிறு தெரிய,
முன்னங்கால் இரண்டும் காற்றில் தொங்க,
குறட்டை வேறு.

"சேட்டு ரிட்டயர்டு ஆயிட்டாரா?"
கறிக்கடை குலாம் சிரிக்கிறான்.
மனீஷா தாயிக்கு நிம்மதி,
அவள் கதவில் இனி மூத்திர வாடை இல்லை.
ஆனாலும் நின்று பார்த்து
"பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பாவமா என்று எனக்குத் தெரியவில்லை.
பாரத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில்
ஜெயமேரி என்று எழுதியவள் நான்.
எழுதும்போது கை நின்றது, ஒரு நொடி.
இன்னொரு பாரம் ஞாபகம் வந்தது.

பதினாறு வருஷத்துக்கு முன்,
சயான் ஆஸ்பத்திரி.
ஷெர்லின் பிறந்து அஞ்சாம் நாள்.
'கணவர் கையெழுத்து' என்ற இடத்தில்
ஞானதுரை பேனாவை உதறி உதறி எழுதினார்.
மை இறங்கவில்லை.
நர்ஸிடம் வேறு பேனா வாங்கினார்.
நான் ஸ்டிரெச்சரில் படுத்துக்கொண்டு
அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரையில் மெத்தை போட்டு வரிசையாக ஏழு பெண்கள்.
பக்கத்தில் கிடந்த கோலிவாடாக்காரி
வலியில் பல்லைக் கடித்தபடி
என் பக்கம் திரும்பி
"ஆதா ஜோப்" என்றாள்.
இனித் தூங்கு.

தூங்கினேன்.
அதற்கு முன் ஆறு வருஷம்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து
விரல்விட்டு நாள் எண்ணி எண்ணி
அரைக்கண் மூடியவள்,
பிள்ளை அழுவது கேட்காமல் தூங்கினேன்.
ஊரிலிருந்து வந்த மாமியார்
"இப்படியா ஒரு பொம்பளை தூங்குவா" என்றாள்.
தூக்கம் நல்லாயிருந்தது என்று
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
எதுவோ போய்விட்டது என்பதையும்தான்.
எது என்று கேட்டால்
எனக்கே சொல்லத் தெரியாது.

நேற்று ராத்திரி ரெண்டு மணி.
கடைசி லோக்கல் போய் வெகுநேரம்.
குடோன் கூரையிலிருந்து அந்தக் கறுப்பன்
நீளமாக, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான்.
என் தலைக்குப் பக்கத்தில்
கிழிந்த காது எழுந்தது.
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
போவானா?
கதவைத் திறந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.
மறுபடி கூப்பிட்டான் கறுப்பன்.
காது அப்படியே நின்றது,
திரும்பவில்லை, படியவும் இல்லை.
அப்புறம் சேட்டு
ஒரு நெடிய கொட்டாவி விட்டுத்
தன் பின்காலை என் தோளில் போட்டுக்கொண்டான்.
காது எப்போது படிந்தது என்று பார்ப்பதற்குள்
நான் தூங்கிப்போனேன்.

நாலு பத்துக்குத் தண்ணீர் வந்தது.
வராந்தாவில் வாளிகள் இடித்துக்கொண்டன.
மனீஷா தாயி யாரையோ திட்டினாள்.
தோளில் கால் அப்படியே இருந்தது, சூடாக.
அசையாமல் கையை மட்டும் நீட்டி
ஞானதுரையைத் தட்டினேன்:
"நீங்க போய்ப் பிடிங்க."

அவர் எழுந்து
இருட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.
வாளி எங்கே இருக்கும் என்று
அவருக்குத் தெரியவில்லை.