வெயில் படாத இடம்

மதாம் ரிவல்லானுக்கு,
சோபாவை வியாழக்கிழமை அனுப்புகிறேன்.
க்யூர்பீப்பில் மழை விடவில்லை; தார்ப்பாய் சுற்றித்தான் வரும்.

முதலில் உரிந்தது ரெக்சின். உங்கள் மாமனார் காலத்தது.
அதற்கடியில் பழுப்பு வெல்வெட், சுருட்டு சுட்ட ஓட்டைகள் இரண்டு.
அடுத்தது ஏதோ பூப்போட்டது, தொட்டதும் பொடி.
உடுப்பு மாறும்போதெல்லாம் புது வரிசை ஆணி அடித்திருக்கிறார்கள்.
கட்டை முழுக்க அம்மைத் தழும்பு.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பதில் எப்படியோ
அப்படியே வேண்டும் என்றீர்கள்.
நீங்கள் காட்டிய ஓவியத்தில் சாம்பல் பூத்த பச்சை.
ஓவியத்துக்கும் வயதாகும், மதாம்.

பின்கால் மூலையில் கொல்லன் அடித்த ஆணி ஒன்று
பிடுங்க வரவில்லை.
எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தேன்.
அதன் தலைக்கடியில்
நெல்மணி நீளத்துக்குத் துணி,
நூற்றெண்பது வருஷமாக வெயில் படாதது:
கிளிப்பச்சை. குறுக்கே குங்குமக் கோடு.
ழெரார் எட்டிப் பார்த்துச் சிரித்தான்,
"காவடிப் பந்தலில் கிழித்ததா?"

அந்த நூலைப் பார்த்து லியோனில் நெய்து வர நாலு மாதம்.
பட்டறைக்கு வந்தீர்கள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தீர்கள்.
இப்படிக் கத்துகிறதே,
தேயிலைச் சாயத்தில் முக்கி அடக்க முடியாதா?

முடியும். ஒரு வாளி போதும்.
ஆனால் முதலில் வாங்கியவர்
மங்கலாகக் கொடு என்று கேட்டு வாங்கவில்லை.
கப்பலிலிருந்து இறங்கிய அன்று இது கத்தியது,
திரைச்சீலையும் கத்தியது,
சுவரில் காகிதப் பூக்களும் கத்தின.
உங்கள் ஓட்டல் விருந்தாளிகள் தேடி வரும் அமைதி
பிறகு வந்தது, தூசியோடு.

இன்னொன்று.
உள்ளே குதிரைமயிர் என்கிறது உங்கள் வீட்டுப் பட்டியல்.
மேலே ஒரு விரற்கடைதான் குதிரை.
கீழெல்லாம் தேங்காய் நார்.
நாரைத் தாங்கியது
வக்வா ஓலையில் முடைந்த சர்க்கரைப் பை.
முடைந்தவருக்கு இடக்கை வாட்டம்;
பின்னல் எதிர்ப்பக்கம் சாய்கிறது.
பட்டியலில் அவருக்கு வரி இல்லை.

சரியான துணி கேட்டீர்கள்.
அதுவும் சரியான துணிதான்.
மஹேபூரில் சொல்லிப் புதிதாக முடைய வைத்து
உள்ளே பொருத்தியிருக்கிறேன், அதே சாய்வில்.
வெளியே தெரியாது. பில்லில் தெரியும்.

உட்காரும்போது முதல் ஒரு மாதம்
லேசாகக் கரகரக்கும்.
ஓலை அது. பழுது அல்ல.

லிலெத் மருதமுத்து