பின் இடது சில்லிலிருந்து

முப்பத்துநாலு வயது மஸ்டா.
இரண்டு பேர் இருக்கலாம். மூன்றாவதாக
ஒரு பப்பாளிப்பழத்தை வைத்தாலும்
யாராவது மடியில் தூக்கவேண்டும்.
முன்லைற்றுக்கு இமை உண்டு. ஸ்விச்சைத் தட்டினால்
வலக்கண் உடனே எழும்பும்.
இடக்கண் யோசிக்கும்.

அம்பாறையில் ஒரு கொந்துறாத்துக்காரரிடம் வாங்கினேன்,
சீட்டுக் காசு முழுவதையும் எண்ணிக் கொடுத்து.
அன்றைக்கு நிறுத்தினார் குகதாசன், என்னோடு கதைக்கிறதை.
ஒன்பது நாள்.
தேத்தண்ணி ஊற்றி வைப்பார், கோப்பை மேசையில் இடிக்கும்.
வீட்டில் அதுதான் செய்தி அறிக்கை.

முந்தின சொந்தக்காரன் ஓட்டக்காரன்.
ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டி
வயிறு நிலத்தில் தேயப் பதித்துவிட்டான்.
நாவற்குடா வேகத்தடை ஒவ்வொன்றும்
சைலன்சரைத் தடவி ஆசீர்வதித்து அனுப்பியது.
காத்தான்குடி லேத்தில் நாலு அலுமினிய வளையம் கடைவித்தேன்.
ஊரெல்லாம் பதிக்கிற காரை உயர்த்துகிறவள்
நான் ஒருத்திதான், அதுவும் ஒன்றரை அங்குலம்.

மறுகா பிரேக்.
கல்லடியில் இரும்புக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி.
தப்பி ஓடத் திசை இல்லை.
சில்லைக் கழற்றினால் கலிப்பர்
வெயிலில் மறந்த கருவாடு.
பிஸ்டனை ரயர் கடைக் காற்றடித்துத் துப்பவைத்தேன்;
பழைய ரெலிபோன் டிரக்டரி ஒன்று குறுக்கே நின்று
அடியை வாங்கிக்கொண்டது.
சீலுக்குக் கல்முனை. இக்றாம் நானா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரப்பரை விரலில் சுழற்றி,
"இது பொங்கோ வேனுக்குள்ள சாமான் தங்கச்சி.
ஆனா உங்கட காருக்குத் தெரியா" என்றார்.
தெரியவில்லைத்தான். அச்சொட்டாக இருந்தது.

மிச்சம் காற்று.
குழாய்க்குள் காற்றிருந்தால் மிதி பஞ்சு.
ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்கவேண்டும்.
தனியாக முயன்றேன்: சீற்றுக்கும் மிதிக்கும் இடையில்
ஒட்டடைக் கம்பு. வழுக்கியது.
கொங்கிறீற் கல். அது கல்லுப்போலவே வேலை செய்தது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.
ஒரு சொல்லும் இல்லை. குனிந்து, பிறகு இன்னும் குனிந்து,
ஸ்ரியரிங் முழங்காலில் இடிக்க உள்ளே இறங்கினார்.
நான் பின் இடது சில்லடியில் பாய் போட்டுப் படுத்தேன்.
தூரத்துச் சில்லுத்தான் முதல்.
"அமுக்குங்க."
அமுக்கினார்.
நிப்பிள் கால் சுற்று. சேலைன் குழாயில் இறங்கியது
பத்து வருடப் பிரேக் ஒயில்:
எங்கள் லாப் மேசைக்கு இந்த நிறத்தில் சாம்பிள் வந்தால்
தண்ணீர் குடியுங்கள் என்று திட்டி அனுப்புவோம்.
பின்னால் குமிழிகள், மூன்று, ஐந்து, ஒரு கூட்டம்.

"விடட்டா?"

ஒன்பது நாளில் முதல் சொல்.
காரின் கீழே கிடந்து கேட்க
வேறு யாருடையதோ குரல் போல இருந்தது.
"பொறுங்க. நான் இன்னும் பூட்டல்ல. இப்ப விட்டா
போனதெல்லாம் திரும்பி உள்ள வந்திரும்."
பொறுத்தார். கால் நடுங்குவது
சேஸி வழியாக என் தோளுக்குத் தெரிந்தது.
"ம். விடுங்க."

நாற்பது தடவை. அமுக்குங்க, விடட்டா, பொறுங்க, விடுங்க.
இடையில் ஒருமுறை, "இந்தச் சீற் பின்னால போகாதா?"
"போகா."

முன் வலதில், போத்தல் முடியுமுன்னே மிதி இறுகியது.
சிந்திய ஒரு துளி
பம்பரின் சிவப்பைச் சுருக்கிவிட்டிருந்தது; பிந்தித்தான் கண்டேன்.

சீட்டுக் காசைப் பற்றி நாளைக்குக் கேட்பார்.
பதில் என்னிடம் இல்லை.
சாவிகளைத் துடைத்து அடுக்கினேன். பத்தாம் நம்பரைக் காணவில்லை,
அது எப்போதும் அப்படித்தான்.
அவர் இன்னும் உள்ளே.
வேலை முடிந்த மிதியை
அமுக்கிப் பார்க்கிறார், விடுகிறார்,
அமுக்கிப் பார்க்கிறார்.
நான் இறங்கச் சொல்லவில்லை.