மூணு தரம்

உசிலம்பட்டிக் கிளையில் ஏலம் கூவுகிறவள் நான்.
மாதத்தின் மூன்றாம் வியாழன், பதினோரு மணி,
கெடு தாண்டிய நகைகள்.
வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்
பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் இருப்பார்கள்.
தெய்வேந்திரன் உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார்,
சொட்டு அமிலம் விடுவார், எண்ணைச் சொல்வார்.
ஒரு தரம் என்பேன்.

இரவில் ஏலம் கேட்கிறவளும் நான்தான்.
செல்லூர் மாடியில் போர்வைக்குள் கைபேசி வெளிச்சம்.
கீழ்வீட்டு விசைத்தறி ஓய்வதில்லை.
டெட்ராய்ட்டில் சாயங்காலம்;
இங்கே விடிகாலை நாலு பன்னிரண்டுக்கு முடியும்.

எப்படி உனக்கு ஜாஸ் என்றால்
சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.
நகையில்லாத ஒருவர் ரெக்கார்ட் பிளேயரைச் சுமந்துகொண்டு
அடகுக்கு வந்தார்.
தங்கம் மட்டும்தான் சார் என்றேன்.
அன்று மாலை பஸ் நிறுத்தத்தில்
நாலாயிரம் கொடுத்து நானே வாங்கினேன்.
மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தட்டு.

அதிலிருந்து இப்படி.

'உறையின் மூலை மடங்கியிருக்கிறது.
இரண்டாம் பக்கம் ஒரு கீறல், காதுக்குத் தெரியும்.'
விற்கிறவன் இப்படி எழுதினால் நம்பிவிடுவேன்,
கல் எடையைக் கழித்துச் சொல்கிற ஆசாரியை நம்புவதுபோல.
ஆனால் கடைசி எட்டு விநாடியில் ஒருவன் வருவான்,
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஓர் எழுத்தும் நாலு நட்சத்திரமும்.
ஆறு முறை தோற்றிருக்கிறேன் அவனிடம்.

இந்த வியாழன் பதினாலாம் எண்:
நெளிவுச் சங்கிலி, பதினொன்று புள்ளி நாலு கிராம்,
ஒச்சம்மாள், கருமாத்தூர்.
ரெண்டு பதிவுத் தபால் போயிருக்கிறது.
இரண்டாவது 'கதவு பூட்டி' என்று திரும்பியிருக்கிறது.
ஒரு தரம். ரெண்டு தரம்.
வாசலை ஒருமுறை பார்த்தேன்.
பார்க்க வேண்டுமென்று விதியில் இல்லை.
மூணு தரம்.

பன்னிரண்டரைக்கு வந்தாள்.
மஞ்சள் பை, அதற்குள் ஒரு பை, அதற்குள் முடிச்சு.
'பஸ்ஸு நிக்கலை தாயி. இப்பத்தானே மணி ஆச்சு.'
சங்கிலி அதற்குள்
தெற்காவணி மூல வீதிக்காரர் சட்டைப்பையில் இருந்தது.
கேட்டுப் பார்த்தேன்.
நாலாயிரம் ஏற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.
'கடன் போக மிச்சம் உங்க கணக்குல ஏறிடும்மா' என்றேன்.
அது உண்மைதான்.
முடிச்சை அவிழ்க்காமலே கொண்டு போனாள்.

அன்று ராத்திரி ஜெயித்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருசத்துத் தட்டு,
நாலு பேர், அதில் ஒருவன் டிரம்பெட்,
முப்பத்தேழு டாலர்.
நட்சத்திரக்காரன் வரவே இல்லை.
அவனுக்கு என்ன பஸ் தவறியதோ.

சுங்கச் சீட்டோடு ஐந்து வாரம் கழித்து வந்தது பெட்டி.
உறையின் பின்பக்கம் நீல மையில்
ரூத் என்று ஒரு பெயர்.
யார் என்று விற்றவனுக்கு எழுதிக் கேட்டேன்.

'தெரியாது. வாடகை கட்டாத கிடங்கு அறை.
கெடு முடிந்தால் பூட்டை வெட்டி ஏலம் விடுவார்கள்.
மொத்தமாக எடுத்தேன். ஒரு சோபாவும் இருந்தது.'

எங்கள் மேலாளரின் கடிதத்துக்கே
அகராதி புரட்டுகிறவள் நான்.
இதில் எனக்கு விளங்காத சொல் ஒன்றுமில்லை.

ஊசியை வைத்தேன்.
இரண்டாம் பக்கம் அந்தக் கீறல்
சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது,
கீழே தறியும் அதன் பாட்டுக்கு.
டிரம்பெட்காரன் நுழைய வேண்டிய இடம் வந்தது,
அவன் நுழையவில்லை.
மற்ற மூன்று பேரும்
அவசரமே இல்லாமல் அதே இடத்தைச் சுற்றி வந்தார்கள்.
யாரும் எண்ணவில்லை.
நன்றாகப் பிந்தித்தான் வந்தான்,
வந்ததும் இடம் இருந்தது.

கையை எடுத்துப்போய்
அந்த இடத்தில் மறுபடி ஊசியை வைத்தேன்.