இரண்டாவது சாவி

டயர் கடைக்கு மேலே பதினாலு படி.
எண்ணிக்கொண்டே ஏறினேன்.
எண்ணக் காசில்லாத நாளில்
எதையாவது எண்ணத் தோன்றுகிறது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சியூ பெங்.
அவள் அப்பா எங்கள் தோட்டத்தில் கடை வைத்திருந்தவர்.
என் மகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள்.
"வாங்கக்கா. கிராண் கொண்டு வந்தீங்களா?"

அடையாள அட்டையை உரக்க வாசித்தாள்:
மல்லிகேஸ்வரி அனாக் பெரம்புவான் முனியாண்டி.
அப்பாவின் பேர் அந்தக் குளிரறையில் கேட்டதும்
ஏனோ செருப்பைக் கழற்றினேன்.

பாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
சொந்தத் தேவை என்று
முன்பே அச்சடித்திருந்தார்கள்.
செம்பனைக் குலை விழுந்த முழங்கால்,
அதற்குள் வைக்க வேண்டிய தகடு,
தகட்டை நாங்களே வாங்கித் தரவேண்டும் என்ற
ஈப்போ ஆஸ்பத்திரிக் கடிதம்
கைப்பையில் மடித்தபடியே கிடந்தது.

கீழே இறங்கி மைவியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
பின்கதவுக் கீறலை விரலால் தடவி
நானூறு வெள்ளி குறைத்தாள்.
பள்ளிப்பை கொக்கி போட்ட கோடு அது.
ஐந்து பிள்ளைகளை ஏற்றுகிறேன், தலைக்கு ஐம்பது.
சீட்டு இடுக்கில் முறுக்குத் துண்டுகள் இருந்தன.
அதற்கு எதுவும் குறைக்கவில்லை.

"காடி பக்கத்துல நில்லுங்க. ஐசியக் கையில பிடிங்க."
போனை உயர்த்தினாள்.
காடி எடுத்த அன்றும் இதே பக்கம்தான் நின்றேன்,
சக்கரத்தடியில் எலுமிச்சை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு.
பழக்கத்தில் வாய் விரிந்துவிட்டது.
"சிரிக்க வேணாங்க்கா," என்றாள் மெதுவாக.

ஐயாயிரம் என்று எழுதி
நாலாயிரத்து முந்நூறு எண்ணித் தந்தாள்.
வட்டிக்குத்தான் அவசரம்,
கையெழுத்தின் மை காயும் முன்னே
தன் பங்கை எடுத்துக்கொண்டது.

கிராண் கோப்புக்குள் போனது.
இரண்டாவது சாவியை மாட்ட
இரும்பு அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே பலகை. பலகை முழுக்க ஆணி.
வேல் தொங்கும் சாவி கோயில் பொருளாளருடையது,
போன மாதம்தான் மேடையில்
அன்னதானக் கணக்கு வாசித்தார்.
நீலப் பிளாஸ்டிக் ஆந்தை ஆசிரியை கௌசல்யாவுடையது.
மேல்வரிசை ஓரத்தில் ஒரு சிப்பி.

பங்கோர் தீவில் நான் வாங்கியது.
இரண்டு வாங்கினேன், எனக்கொன்று தம்பிக்கொன்று.
நகப்பூச்சில் நானே எழுதிய 'த'
பாதி உரிந்திருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்
தனசீலன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன்.
"கையில இல்லக்கா," என்றான், டிவியைப் பார்த்தபடி.
வாசலில் வெள்ளை ஹோண்டா மெழுகு போட்டு மின்னியது.
கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.
வழியெல்லாம் அவனைத் திட்டினேன்,
வீட்டுக்கு வந்து இவரிடமும் திட்டினேன்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு இவர்
"விடு, விடு" என்றார்.

"யாராவது தெரிஞ்சவங்களாக்கா?"
சியூ பெங் அலமாரியை மூடினாள்.
"இல்ல," என்றேன்.
இறங்கும்போது படிகளை எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை தனசீலன் வந்தான்,
கொய்யா ஒரு பை, உறையில் இருநூறு வெள்ளி.
கட்டுப் போட்ட காலைப் பார்த்தான், மழையைப் பற்றிப் பேசினான்.
மைவிக்குப் பின்னால் ஹோண்டாவை நிறுத்தியிருந்தான்.
"கொஞ்சம் நகத்துடா. ஒரு மணிக்குப் பள்ளி விட்டுடும்."

எழுந்தவன் என் கையைப் பார்த்தான்.
"சிப்பிய இன்னும் வச்சிருக்கியா?"
"ம். உன்னோடது?"

பையில் எதையோ தேடுவதுபோல் தேடினான்.
"பத்திரமா இருக்குக்கா."

ஹோண்டா பின்னால் நகர்ந்தது.
நானும் ரிவர்ஸ் போட்டேன்.
கண்ணாடியில் அவன் கை காட்டிக்கொண்டிருந்தான்,
வா, வா, இன்னும் இடமிருக்கு என்று.