வட்டமில்லாத பெருக்கல் குறி

ஸ்கோர் தாளில் ஒரு வழக்கம் உண்டு.
முதல் ஐவருக்குப் பெருக்கல் குறி போட்டு
அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.
இடையில் இறங்குபவனுக்குப் பெருக்கல் மட்டும்.
இறங்காதவனுக்குக் காலிக் கட்டம்.

பகலெல்லாம் பத்திரம் பதிந்த இதே கையால்
ரேஸ்கோர்ஸ் மைதான மேஜையில்
பதினேழு வருடமாய் எழுதுகிறேன்.
ஒச்சப்பன் பெயருக்கு நேரே
வட்டம் போட்டதில்லை.

பதினாலாம் எண்.
ஆறடி ஆறரை அங்குலம்.
உசிலம்பட்டி பஸ்ஸில் கழுத்தை மடித்து நின்றே
இடப்பக்கம் சாய்ந்துபோன சென்டர்.
பனியன்தான் மாறிக்கொண்டிருக்கும்.
நூற்பாலைக்குப் பச்சை.
ஆலை மூடி, கோர்ட்டில் பஞ்சுப்பொதி ஏறியபின்
பஸ் கம்பெனிக்குச் சாம்பல்.
ஒரு வங்கிக்கு ஆறு மாதம் நீலம்
(கெஸ்ட் பிளேயர் என்றால்
வேலை கிடையாது என்பதன் மரியாதைப் பெயர்).
பாலக்காட்டில் ஒரு சீசன்.
சிவகாசியில் அச்சக முதலாளி ஒருவரின் அணி:
மேட்ச்சுக்கு முந்நூறு, இரண்டு முட்டை, அரை லிட்டர் பால்,
வருடக் கடைசியில் சம்பளப் பாக்கிக்கு
நாற்பது மாதக் காலண்டர்.

அவன் காலுக்கு மதுரையில் ஷூ கிடையாது.
எவனோ ஒரு ரயில்வே சென்டர் கழித்துவிட்டதை
முன்னால் துணி திணித்துப் போட்டுக்கொள்வான்.
அதன் நாக்கில் இன்னும் அந்த ஆளின் இனிஷியல்.

வேலை என்னவென்றால் இடி வாங்குவது.
காலை ஆறு மணிப் பயிற்சியில்
பெரிய சென்டர்கள் சுழன்று திரும்பப் பழகும் சுவர் அவன்.
அவன் விலாவில் முழங்கை தீட்டித் தீட்டியே
மூன்று பேர் இந்திய அணிக்குப் போனார்கள்.
மாலையில் பெஞ்சின் கடைசி இடம்.
முதல் ஆளுக்கு மூன்றாம் ஃபவுல் விழுந்ததும்
கோச் திரும்பிப் பார்க்காமலே விரலைச் சொடுக்குவார்.
துண்டை மடித்து வைத்துவிட்டு எழுவான்.
மடிக்காமல் எழுந்து நான் பார்த்ததில்லை.

நாலு நிமிடம். ஒரு ரீபவுண்ட். இரண்டு ஃபவுல்.
சில நாள் ஃப்ரீ த்ரோ:
முதலாவது வளையத்தைச் சுற்றிவந்து வெளியே விழும்,
இரண்டாவது வலை மட்டும் அறிய உள்ளே இறங்கும்.
ஏனோ, எப்போதும் இரண்டாவதுதான்.

போன மே மாதம் கடைசி லீக் ஆட்டம்.
வார்ம்-அப்பில் முதல் சென்டருக்குக் கணுக்கால் பிசகிற்று.
கோச் மேஜைக்கு வந்து, பதினாலு, என்றார்.
பதினாலா? என்று கேட்டுக்கொண்டேன்.
ஆட்டம் தொடங்கிய பிறகே வட்டமிட வேண்டும்.
விதியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
சிவப்புப் பேனாவைத் திறந்து
மூன்றாம் கார்பன் பிரதி வரை இறங்கும்படி
அழுத்திப் போட்டேன்.

விளக்கு எரிந்தது. பூச்சிகள் வந்தன.
நடுவட்டத்தில் ஒச்சப்பன் நின்று
ஷூ லேஸை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினான்.
எதிரணியைக் காணோம்.
கப்பலூர் பக்கம் வேன் அச்சு முறிந்துவிட்டதாம்.
பத்து நிமிடம். பதினைந்து.
நடுவர் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
வாக் ஓவர். இருபதுக்குச் சுழியம்.
எங்கள் பக்கம் நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

கடைசியாக வந்தான்,
மடித்த துண்டு மடித்தபடி தோளில்.
மேஜையில் கையூன்றிக் குனிந்தான்.
வியர்வை இல்லை, தைல வாசம் மட்டும்.
தன் பெயரிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போனான்.

என்னண்ணே, வட்டம் போட்டிருக்கீக?
மொத அஞ்சுல இருந்தேல்ல.
ஆடவே இல்லையேண்ணே. அடிச்சு விடுங்க.
அடிச்சா பக்கத்துல நீதான் கையெழுத்துப் போடணும்,
எங்க ஆபீஸ்ல அதான் வழக்கம்.

பேனாவை வாங்கினான்.
கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தான்.
பிறகு மூடியை மூடி
என் சட்டைப் பையில் செருகிவிட்டு,
நாளைக்குக் காரைக்குடில ஒரு மேட்ச்சுண்ணே,
மாட்டுத்தாவணில கடைசி பஸ் எத்தனை மணிக்கு? என்றான்.